இடது பக்கம் நசுங்கிய கார்

பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்த்தவள் அவள். சொந்தக்காரர்களுக்கு அவள் 'பல்லம்மா'. மற்றவர்கள் ஆசைப்பட்ட எதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான்: இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நாற்பதாவது வயதில் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல்மூடியை மடக்கிவிட்டு அவள் கிளம்பினால் தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்க்கும்.

அந்தக் காரை ஒழித்துக் கட்டியவர் அவளுடைய அக்கா புருஷன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்.

பத்து நாள் பயிற்சிக்காக வெளியூர் போனபோது, "பேட்டரி இறங்காம தினம் ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க மாமா" என்று சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தால், காரின் இடது முன்பக்கம் சப்பையாகிக் கிடக்கிறது.

"ரோட்டோரமா நிறுத்தியிருந்தேன்மா. லாரிக்காரன் இடிச்சிட்டு நிக்காம போயிட்டான்" என்றார் மாமா. மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதே லாரி. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சொந்தபந்தம் எல்லாருக்கும் போன் போட்டு, "வெறும் தகர டப்பா. லாரி உரசினதுக்கே இந்தக் கதி. இவளுக்கு எதுக்கு இந்தப் பவுசு" என்று சொல்லிச் சிரித்தார்.

அடிச்சட்டமே வளைந்துவிட்டது, தேறாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். பழைய இரும்புக் கிடங்கில் காரை விட்ட அன்று அவள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள், அளவெடுத்தாள். நசுங்கிய மடிப்புக்குள் மஞ்சள் பெயின்ட் துணுக்குகள் ஒட்டியிருந்தன. மாமாவின் பயிற்சி மைதானத்துச் சிமென்ட் தூண்களுக்கு அதே மஞ்சள். நேரே அங்கே போய் எட்டிப் பார்த்தாள். மூன்றாவது தூணில் நீளமாகச் சிவப்புக் கீறல். கார் பழக வந்தவர்கள் முன்னால் பந்தா காட்டியிருக்கிறார் மனுஷன்.

அவள் கத்தவில்லை. கிடங்குக்குத் திரும்பி வந்து, காரில் ஒட்டியிருந்த துணுக்குகளைச் சுரண்டி ஓர் உறையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் இன்னொரு கார் உருவானது. நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு. பல் செதுக்கும் மெழுகில் உடம்பு, பல்லுக்கு உறை வார்க்கும் உலோகத்தில் சக்கரம், நிஜக் காரின் இருக்கையிலிருந்து வெட்டி வந்த தோலில் இருக்கை. நாலு மாதத்தில் மெழுகுக் கார் முழுசாக நின்றது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கத்தியைச் சூடாக்கி, இடது முன்பக்கத்தை மடிப்பு மடிப்பாகத் தானே நசுக்கினாள். பிறகு அச்செடுத்து வார்த்து, சிவப்பு அடித்து, மஞ்சள் துணுக்குகளை இடம் மாறாமல் ஒட்டினாள்.

மாமா இரண்டாவது கிளை திறந்த அன்று அதை அழகாகப் பொட்டலம் கட்டி நீட்டினாள். சொந்தக்காரர்கள், கார் பழகுகிறவர்கள் எல்லாரும் பார்க்க அவர் பிரித்தார். முகம் வெளிறிப்போனது.

எட்டிப் பார்த்த பயிற்சியாளர், "இது நம்ம தூணு பெயின்டாச்சே சார்" என்றார் வெள்ளந்தியாக.

அக்கா திரும்பினாள். "ஏங்க, லாரின்னுதானே சொன்னீங்க?"

"பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு?"

"பழசு இல்ல மாமா. புதுசா செஞ்சது" என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே அக்கா போனில் பாய்ந்தாள். "வீட்டுக்குள்ள கேட்டிருக்கலாம்ல? நாலு பேர் முன்னாடியா அசிங்கப்படுத்துவ?"

"மூணு தடவ கேட்டேன்க்கா. நீயும் பக்கத்துலதானே நின்ன?"

அக்கா போனை வைத்துவிட்டாள். ஆனால் புதுக் கிளையின் வரவேற்பு மேசையில் அந்தக் காரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தவளும் அவள்தான்.

ஒரு மாதம் கழித்து மதிய நேரத்தில் மாமா கூடத்து வாசலில் வந்து நின்றார். "அந்த பொம்மைய எடுத்துட்டுப் போயிடும்மா. வர்றவன் போறவனெல்லாம் கேக்கறான். தூணுலதான் இடிச்சேன், போதுமா?"

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? லாரின்னு யார் யாருக்கு போன் போட்டீங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க. இங்கயே நின்னு சொல்லுங்க."

மாமா முறைத்தார். அவள் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். வேறு வழியில்லாமல் அவர் போனை எடுத்தார். ஒவ்வொருவரிடமும் அசடு வழிந்துகொண்டு அவர் தூண் கதையைச் சொல்லச் சொல்ல, அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். ஏழாவது ஆள் சிரித்த சிரிப்பு உள்ளே வரைக்கும் கேட்டது.

காரை மட்டும் அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.