வைரத்தின் நான்கு மூலைகள்

மாவட்ட நிருபர் என்றால், தனக்குப் பாதி புரிந்த விஷயத்தை, கொஞ்சமும் தெரியாத ஆசிரியர் குழுவுக்குத் தொலைபேசியில் விளக்குகிறவர் என்று பொருள். இதைப் படிக்கிற சக நிருபர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று தெரியும். தேர்தல், கலெக்டர் ஆபீஸ் மனு, பட்டாசு ஆலை ஆய்வு என்று எழுதிக்கொண்டிருந்த என்னை, திருத்தங்கல் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பெண்கள் பேஸ்பால் அணி மூன்று வருடம் மைதானம் மைதானமாக இழுத்துக்கொண்டு போனது.

அந்த அணியில் பந்து எறிகிற மாரீஸ்வரி அப்போது பிளஸ் டூ. மண்டலப் போட்டியில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. அதில் ஆடிய சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். இல்லையென்றால் அம்மாவோடு வெம்பக்கோட்டை பஸ் ஏறி, பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் ஒட்டப் போக வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், அணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டைரி அட்டை

இந்த ஆட்டம் அந்தப் பள்ளிக்கு வந்த வரலாறு சின்னது. பி.டி. டீச்சர் ஜெயந்தி ஒரு பயிற்சி முகாமுக்குப் போனார். வரும்போது ஒரு மட்டை, இரண்டு பந்து, ஒரு விதிப் புத்தகம் கொண்டுவந்தார். மைதானம் முழுக்கக் கிரிக்கெட் பையன்கள். தண்ணீர்த் தொட்டி ஓரம் மட்டும் காலியாக இருந்தது. பேஸ்பாலுக்கு வைர வடிவத்தில், ஓடித் தொடுவதற்கு நான்கு பேஸ் போதும், அதை ஒரு மூலையில் சாய்த்துவைத்துவிடலாம் என்று கண்டுபிடித்தது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

கையுறைக்கு வழியில்லை. பக்கத்து அச்சகத்தில் டைரி பைண்டிங் செய்யும் செல்வம், மிச்சமான ரெக்சினை இரண்டு மடிப்பாக வைத்து, நடுவே பஞ்சு திணித்துத் தைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு உள்ளங்கையிலும் தங்க எழுத்தில் புத்தாண்டு வாழ்த்து. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு செல்வம் சொன்னார்: "டைரியா போயிருந்தா பாதிப் பேரு தொறந்துகூட பாத்திருக்க மாட்டாக சார். இது தெனமும் அடி வாங்குது, அம்புட்டு மரியாதை."

முழு அலுமினியம்

மரமட்டை உடைந்ததும் அலுமினிய மட்டை வந்தது. அணியில் ஒருத்தியின் அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன். மகளைக் கூட்டிப் போக வந்தவர் மட்டையைக் கண்டு நின்றுவிட்டார். ஆலைக்குள் இரும்புக்கு இடமில்லை. பொறி பறக்கும் என்பதால் பித்தளையும் மரமும்தான். விரலால் தட்டினார், முகர்ந்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். அலுமினியம்தான், பயமில்லை என்று டீச்சர் சொல்ல, அவர் முகம் இன்னும் குழம்பியது. அப்புறம் சொன்னார்: "அலுமினியத்த நாங்க வெடிமருந்துப் பொடியாத்தான் பாத்திருக்கோம். முழுசாக் கையில குடுத்து ஓங்கி அடின்னு சொல்றத இப்பத்தான் பாக்கேன்."

கீழே வைப்பது

பந்தை அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு ஓட வேண்டும். எங்கள் பெண்கள் அடித்தார்கள். பிறகு குனிந்து, மட்டையைச் சத்தமில்லாமல் தரையில் கிடத்திவிட்டு ஓடினார்கள். அதற்குள் பந்து அங்கே நிற்கிற எதிரணிக்காரி கைக்குப் போய்விடும்; அவுட். ஒரே ஆட்டத்தில் நான்கு பேர் இப்படி அவுட். எதையும் போடாதே, எதையும் இழுக்காதே என்று ஆலையில் சொல்வதைத்தான் அம்மாக்கள் வீட்டிலும் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

மறுநாள் டீச்சர் பந்தே இல்லாமல் பயிற்சி வைத்தார்: வெறுமனே மட்டையைப் போட்டுவிட்டு ஓடுவது. ஒவ்வொரு முறை மட்டை தரையில் விழுந்தபோதும் வரிசையில் நின்ற எட்டுப் பேரும் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். இதற்கெல்லாமா பயப்படுவது என்று டீச்சர் கேட்டதற்கு மாரீஸ்வரிதான் பதில் சொன்னாள்: "எங்க வீட்டுல கரண்டி விழுந்தாலே வாசலுக்கு ஓடிருவோம் டீச்சர்."

இடம் இருக்கிறது

அவர்கள் மாவட்ட அளவில் ஜெயித்த அன்று விரிவாக எழுதி அனுப்பினேன். ஆசிரியர் குழுவிலிருந்து ஒருவர் அழைத்தார். விக்கெட் எத்தனை என்று கேட்டார். விக்கெட் கிடையாது என்றேன். ஓவர்? அதுவும் கிடையாது. பத்து நிமிடம் விளக்கினேன். கடைசியில் சொன்னார்: "கபடியில ஏதாச்சும் இருந்தாக் குடுங்க சார், ஸ்போர்ட்ஸ் பக்கத்துல எடம் இருக்கு."

முறை

கிரிக்கெட் ஆடியிருந்தால் ஊரே பார்த்திருக்குமே என்று மாரீஸ்வரியிடம் கேட்டேன். பேட்டிக்காகக் கேட்ட கேள்வி; பதில் கிடைத்தபோது பேனாவை எடுக்க மறந்துவிட்டேன். "அதுல நல்லா அடிக்கிறவக அடிச்சுக்கிட்டே இருப்பாக சார், நாங்க முள்ளுக்குள்ள பந்து பொறுக்கணும். இதுல ஒம்பது பேருக்கும் வரிசையா மட்டை வரும். என் முறைய யாரும் எடுத்துக்க முடியாதுல்ல?"

மண்டல இறுதி

விருதுநகரை ஒட்டிய சூலக்கரை பக்கத்து மைதானம். தீபாவளி ஆர்டர் உச்சத்தில் இருந்த சீசன். அம்மா வரமாட்டாள் என்று மாரீஸ்வரி முதலிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் அன்று வெம்பக்கோட்டைப் பக்கம் இடி மின்னல். மின்னல் வெட்டினால் ஆலையைப் பூட்டி ஆட்களை அனுப்பிவிடுவார்கள். அந்த அம்மா, பேச்சியம்மாள், இரண்டு பஸ் மாறி விருதுநகர் வந்து, நகக்கண்ணில் அலுமினியத்தின் வெள்ளிப் பொடியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இங்கே மழையின் வாடைகூட இல்லை.

கடைசி இன்னிங்ஸ். எதிரணி ஆடி முடித்தாயிற்று. ரன் சமம். எங்கள் அணியில் இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள். மட்டையோடு மாரீஸ்வரி. எதிரணிப் பெண் நான்கு பந்துகளை விலகிப் போகும்படி தப்பாகப் போட்டு, மட்டைக்காரி அவற்றை அடிக்காமல் விட்டால், சும்மா முதல் பேஸுக்கு நடக்கலாம். மற்றவர்களும் ஒரு பேஸ் நகர, மூன்றாம் பேஸில் நிற்பவள் வந்து சேர்ந்து ஒரு ரன். மூன்று தப்பாயிற்று. சரியான பந்து இரண்டை மாரீஸ்வரி மட்டை வீசித் தவறவிட்டிருந்தாள். இன்னொன்று தவறினால் மூன்றாவது அவுட், எங்கள் முறை முடிந்துவிடும். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் "அடிடீ! அடிடீ!" என்று கத்தினார்கள். பேச்சியம்மாளும் கத்தினார். நானும்தான், நிருபர் கத்தக் கூடாது என்றாலும்.

பந்து வந்தது. வெளியே போகிற பந்து. ஒரு சாண் விலகியிருந்தால் அதிகம். மட்டை அசையவில்லை. நடுவர் கையைத் தூக்கி முதல் பேஸைக் காட்டினார். மாரீஸ்வரி நடந்தாள், மூன்றாம் பேஸ்காரி குதித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள், எட்டுப் பேரும் மாரீஸ்வரி மேல் விழுந்தார்கள். பேச்சியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெயித்தாயிற்று, மாநிலப் போட்டிக்குப் போகிறாள் என்றேன். எப்படி என்றார். விளக்கினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அடிக்காம நின்னதுக்குக் காலேஜ் சீட்டு கெடைக்கும்னா, இந்த வெளாட்ட எங்க காலத்துலேயே கொண்டாந்திருக்கலாம்ல சார்?"

விளையாட்டுச் செய்தி எழுதுகிறவனுக்கு விதிகள் முழுசாகத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. கடைசிப் பந்து வரை எழுந்து போகாமல் இருந்தால், அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பக்கத்தில் இருப்பவர்களே கேட்டுவிடுகிறார்கள்.