முத்தியால்பேட்டைக்கும் கோட்டக்குப்பத்துக்கும் நடுவில்

என் கணவர் பிரெஞ்சுக்காரர்களின் போலீசில் சிப்பாயாக இருந்தார். என் தம்பி பிரெஞ்சுக்காரர்களை வெளியேறச் சொன்ன கூட்டத்தில் இருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பில் சமைத்துப் போட்டவள் நான். ஐம்பத்து நாலாம் வருஷத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கொடியோ கூட்டமோ அல்ல, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம்தான்.

நாங்கள் முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டக்குப்பம். முத்தியால்பேட்டை பிரான்சு, கோட்டக்குப்பம் இந்தியா. நடுவில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கட்டை. இந்தப் பக்கம் எங்கள் போலீஸ், அந்தப் பக்கம் அவர்களுடைய சுங்கச்சாவடி. வருஷக்கணக்காகப் பார்த்து வந்ததால் அது எங்களுக்கு அதிசயமாகத் தெரியவில்லை. கோட்டக்குப்பத்தில் மீன் மலிவாக இருந்தால் போய் வாங்கி வருவோம். கட்டையைத் தூக்கிவிடுவார்கள், திரும்பி வருவோம். அவ்வளவுதான்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் தம்பியை நான்தான் வளர்த்தேன். கல்யாணமாகி வந்தபோது அவனையும் கூட்டிக்கொண்டே வந்தேன். "சீர்வரிசையோட ஒரு மச்சானையும் ஏத்தி அனுப்பிட்டாங்க" என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். தெரிந்தவர்களிடம் சொல்லிப் பஞ்சாலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒன்றாகக் கடலுக்குக் குளிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது பசியில் வாசலிலிருந்தே என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்த வருஷம் தை, மாசியிலேயே தம்பி வீட்டுக்கு வரும் நேரம் மாறிவிட்டது. ஆலையில் வேலை முடிந்ததும் கூட்டத்துக்குப் போய்விடுவான். தொண்டை கட்டிப்போய் வருவான். என் கணவர் ஒன்றும் கேட்கமாட்டார். முன்பெல்லாம் தட்டில் சோறு விழுவதற்குள் இரண்டு பேரும் ஊர்க்கதையை ஆரம்பித்துவிடுவார்கள். இப்போது, "ரசம் ஊத்து" என்று அவர் சொன்னால், "எனக்கும்" என்று இவன் சொல்வான். அதோடு பேச்சு முடிந்தது. நான்தான் சம்பந்தமில்லாமல் எதையாவது பேசிக்கொண்டே இருப்பேன். கிணற்றுக் கயிறு இற்றுப்போனதைச் சொல்வேன், குழந்தைக்குப் பல் முளைப்பதைச் சொல்வேன். நான் வாயை மூடினால் ஏதோ விழுந்து உடைந்துவிடும் போலிருக்கும்.

ஒருநாள் மத்தியானம் என் கணவர் டியூட்டி நடுவில் வீட்டுக்கு வந்தார். அப்படி வருகிற வழக்கமே கிடையாது. சிவப்புத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் கேட்டு நின்றபடியே குடித்தார். குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு ஷிப்டு வுடற நேரத்துல ஆலை வாசல்ல நிப்போம். ஆளக் காட்டிக்குடுக்க உள்ளயே ஒருத்தன் இருக்கான்" என்றார். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை நான் அசையவில்லை. பிறகு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். அடுப்பில் என்ன இருந்தது, கதவைச் சாத்தினேனா, எதுவும் நினைவில்லை. ஆலை வாசலில் இருந்த காவல்காரரிடம், "புள்ளைக்கு வலிப்பு வந்துட்டுது, அவன் மாமனக் கொஞ்சம் கூப்புடுங்க" என்று அழுதேன். அழுகை நிஜமாகவே வந்தது. தலையெல்லாம் பஞ்சோடு தம்பி ஓடிவந்தான்.

"இன்னாக்கா ஆச்சி? நல்லாத்தான இருக்கான்?"

"ஊட்டுக்கு வராத. இப்படியே கோட்டக்குப்பம் போய்டு. ரோட்டு வழியாப் போவாத."

"யாரு சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. நிக்காத, போ."

அவன் கடலோரமாகத் தென்னந்தோப்புக்குள் புகுந்து போனான். யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவன் வாயிலிருந்து வெளியே வரும். வந்தால் என் கணவரின் வேலை மட்டும் போகாது.

அன்று சாயந்திரம் அவர் வந்தார். நான் ஒரு தட்டு மட்டும் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், உட்கார்ந்து சாப்பிட்டார். "அவன் எங்க?" என்று கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, கடைசிவரைக்கும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கோட்டக்குப்பத்தில் தம்பியைப் போல் ஓடிப்போனவர்கள் நிறையப் பேர் தங்கியிருந்தார்கள். அங்கிருந்தபடியே கூட்டம் போட்டார்கள். எல்லையில் கெடுபிடி அதிகமாகிவிட்டது. அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது. அரிசி வருவது குறைந்தது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. தினமும் ஒரு வதந்தி வரும். பட்டாளம் வருகிறது என்பார்கள், கவர்னர் கப்பலேறிவிட்டார் என்பார்கள், ஆலைக்குத் தீ வைக்கப் போகிறார்கள் என்பார்கள். நான் பெருக்கின வாசலையே திரும்பத் திரும்பப் பெருக்குவேன். யாராவது ஓடுகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வருவேன்.

வாரத்துக்கு ஒருமுறையாவது கட்டை வரைக்கும் போய் நிற்பேன். தம்பி அந்தப் பக்கம் வந்து நிற்பான். சோற்றுக் கூடையை யாராவது கைமாற்றிக் கொடுப்பார்கள். பொதுவாக இந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். என் கணவரைத் தெரிந்தவர்கள்தானே.

ஒருநாள் போனபோது கட்டையருகே என் கணவரே நின்றுகொண்டிருந்தார். அவரை அங்கே மாற்றியிருந்தது எனக்குத் தெரியாது. வீட்டில் சொல்லவில்லை. பக்கத்தில் மேலதிகாரி ஒருவரும் இருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"கூடையில இன்னா?" என்று என் கணவர் கேட்டார். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கேட்பது போன்ற குரல்.

"மீன் கொழம்பும் சோறுங்க" என்றேன்.

"தொறந்து காட்டு."

காலையில் அதே குழம்பைத்தான் அவரும் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். நான் துணியை விலக்கிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, மேலதிகாரியிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு, "போவட்டும்" என்றார்.

அந்தப் பக்கம் தம்பியோடு பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எப்போதும் போல் கோஷம் போட்டார்கள். கோஷம் ஓய்ந்த இடைவெளியில் தம்பியின் குரல் தனியாகக் கேட்டது. "பொண்டாட்டி கூடையையே சோதனை போடுது பாரு, வெள்ளக்காரன் நாயி."

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு அவனோடு தெருத்தெருவாக ஓடிய மனுஷர். நான் கூடையை அனுப்பாமல் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வாரம் வேறு யாரோ தம்பிக்குச் சோறு போட்டிருப்பார்கள்.

ஐப்பசியில் எல்லாம் முடிந்தது. வெள்ளைக்காரர்களும் இந்தியாவும் பேசி முடித்துக்கொண்டார்கள். ஒரே நாளில் கட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து லாரியில் வந்தவர்களுக்கு மாலை போட்டார்கள். அதில் தம்பியும் இருந்தான். நான் தெருவோரம் நின்று கையை ஆட்டினேன், அவன் பார்க்கவில்லை. அதே தெருவில் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு என் கணவரும் நின்றார். அதே சிவப்புத் தொப்பி. காலையில் புதுக் கொடிக்கு சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், அடித்தார்.

தம்பி வீட்டுக்கு வரவில்லை. வேறு பயம்தான் வந்தது. தடியெடுத்த போலீஸ்காரர்களைச் சும்மா விடமாட்டார்கள் என்று பேச்சு. எங்கள் கதவில் யாரோ சாணியை அடித்துவிட்டுப் போனார்கள். என் கணவர் அதைத் தானே கழுவினார். "நீங்க உள்ள போங்க, நான் கழுவறேன்" என்றதற்கு, "எனக்குத்தான போட்டிருக்காங்க" என்றார். மறுநாள் ஓட்டின் மேல் ஒரு கல் விழுந்தது. உடைந்த ஓட்டுச் சில் குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை. தம்பி தன் கூட்டாளிகளோடு தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். பெரிய கூடம், சுவரெல்லாம் கொடி. அவனை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டேன்.

"ஊட்டுக்கு வாடா."

"அவரு இருக்கற ஊட்டுக்கா?"

"ஆலையில வந்து உன்ன ஓடச் சொன்னனே, எனக்கு யாரு சொன்னான்னு நெனைக்கற?"

அவன் ஓர் எட்டு கிட்டே வந்தான்.

"டியூட்டியில இருந்து வந்து சொல்லிட்டுப் போனாரு. உன் பேரச் சொல்லல. என் மூஞ்சியக்கூடப் பாக்கல. செவுத்தப் பாத்துச் சொன்னாரு."

தம்பி படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். மேலே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "அத ஏன் நீ அன்னிக்கே சொல்லல?" என்றான். அவன் கோபம் என் மேல் திரும்பியது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். வாசலில் நின்றான். என் கணவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவனைப் பார்த்தார். மழித்து முடித்து முகம் துடைத்துக்கொண்டு, என்னிடம், "ரெண்டு தட்டு வை" என்றார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பி சாப்பிட்ட பிறகு கூரையில் ஏறி உடைந்த ஓட்டை மாற்றினான். கல் விழுவது நின்றுவிட்டது. அவன் யாரிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அவன் திரும்ப எங்களோடுதான் இருந்தான், ஒரே கூரைக்குக் கீழே, ஏழெட்டு வருஷம். "மாமாவுக்கு எண்ணெ வேணுமான்னு கேளு" என்பான் என்னிடம். "வேணாம்னு சொல்லு" என்பார் அவர். கூடத்தில் நாலடி தூரம். நடுவில் நான். கட்டையைத் தூக்கிக் கோட்டக்குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஊரும் அப்போது ரெண்டுங்கெட்டானாகத்தான் இருந்தது. ஆட்சி இந்தியாவுடையது. ஆனால் பாரிசில் பாராளுமன்றம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் சட்டப்படி இன்னும் பிரான்சு என்றார்கள். என் கணவர் ஆபீசில் பிரெஞ்சில் எழுதியதை இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். மதராசிலிருந்து வந்த, அவரைவிட வயதில் சின்னவரான ஓர் அதிகாரி இங்கிலீஷில் அணிவகுப்பு சொல்லிக்கொடுத்தார். கொல்லைப்புறத்தில் தனியாக நின்று அந்த வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லித் திரும்பிப் பழகுவார். நான் பார்த்ததைப் பார்க்காத மாதிரி உள்ளே வந்துவிடுவேன்.

தம்பிக்கு அதைவிட மோசம். ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது அவனையும் நிறுத்திவிட்டார்கள். மாலை போட்டவர்களைப் போய்ப் பார்த்தான். பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் கப்பல் சரக்கு இறக்கக் கடலுக்குள் புதுப் பாலம் கட்டுகிற இடத்தில் கூலிக்குப் போனான். சாயந்திரம் உப்புப் படிந்த காலோடு வந்து உட்காருவான். உட்கார்ந்த அடுத்த நிமிஷம் எழுந்து தெருவுக்குப் போவான், திரும்பி வருவான், மறுபடி போவான்.

அறுபத்திரண்டில் பாரிசிலிருந்து அந்த ஒப்புதலும் வந்துவிட்டது. இனி எல்லாரும் இந்தியர்கள். பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் மட்டும் ஆறு மாதத்துக்குள் தூதரகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தெருவில் வேறு பேச்சே இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடும் என்றார் ஒருவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வரும் என்றார் இன்னொருவர். எல்லாரையும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். என் கணவர் யார் சொன்னதையும் நம்பவில்லை, யார் சொன்னதையும் விடவுமில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"நீ இன்னா சொல்ற?" என்று என்னைக் கேட்டார்.

"தம்பிக்குச் சோறு குடுக்க சீட்டு கேட்டாங்க. அதோட எனக்குப் போதும்னு ஆயிடுச்சி. இந்த ஊட்டுல ஒரு நாடு இருந்தாப் போதும்."

சாப்பாட்டு நேரம் அது. தம்பி தட்டிலிருந்து கையை எடுத்தான். "மாமா" என்றான்.

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். என்னிடம் சொல்லி அவரிடம் சொல்லச் சொல்லவில்லை. அவரையே கூப்பிட்டான்.

"மாமா, எழுதிக் குடுத்துடுங்க. அக்கா சொல்றதக் கேக்காதீங்க. பையனுக்கு அங்க படிப்பு கெடைக்கும். இங்க இன்னா இருக்கு?"

என் கணவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இதச் சொல்றதுக்கா கோட்டக்குப்பத்துல போய் உக்காந்த?"

"அன்னிக்கு சரின்னு பட்டுது, செஞ்சேன். இன்னிக்கும் அது தப்புன்னு சொல்லல. பையனுக்கு எது நல்லதுன்னு சொல்றேன்."

"நாயின்னு சொன்னியே."

"சொன்னேன்" என்றான் தம்பி. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

என் கணவர் சோற்றைப் பிசைந்தார். மோர் கேட்டார். அவ்வளவுதான்.

கார்த்திகை மழையில் ஒருநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு தூதரகத்துக்குப் போனார். மத்தியானம் நனைந்து திரும்பி வந்தார். நான் கேட்பதற்கு முன்பே, "ஒரே கும்பலா இருந்துது" என்றார். இன்னும் நாள் இருக்கிறது என்றேன். தலையாட்டினார். அப்புறம் அவர் போகவேயில்லை. கும்பலைப் பார்த்துத் திரும்பி வந்தாரா, வரிசையில் நிற்கும்போது மனசு மாறியதா, நான் சொன்னதுக்காகவா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் பாரிசிலிருந்து வந்து மாடி கட்டியபோதெல்லாம் என் மகன் என்னைப் பார்ப்பான். நான் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஒன்று மட்டும் நடந்தது. பேச ஆரம்பித்த இரண்டு பேரும் அதற்கப்புறம் நிறுத்தவில்லை. சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டுவது போல் தினமும் சண்டை. வெள்ளைக்காரன் காலத்தில் ரோடு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, யார் திருடன், யார் பெரிய திருடன். "நீங்க வாங்கின சம்பளத்துக்கு அப்படித்தான் பேசுவீங்க" என்பான் இவன். "உனக்குப் போட்ட மாலைய வித்துத் தின்னுட்டியா?" என்பார் அவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் அடிதடி என்று நினைத்து எட்டிப்பார்ப்பார்கள். எனக்குத் தலைவலி வரும். அடுப்படியிலிருந்தே இரண்டு பேரையும் திட்டுவேன். அவர்கள் காதில் வாங்காமல், சாப்பிட்ட கை காயக் காய, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள்.