நான்காம் மேசைக்கு அடித்த சிவப்பு

சென்ற வாரம் ஒரு கல்லூரியில் மாணவர்களின் செயல்திட்டங்களை மதிப்பிட அழைத்திருந்தார்கள். குளிரூட்டிய அறை, சுவர் அகலத்துக்குத் திரை. அந்த அறைக்குள் புதுப் பனியன் துணியின் வாடை வந்தது. மாணவர்கள் அன்றைக்கென்றே தைத்த சட்டைகளை மடிப்புக் கலையாமல் அணிந்திருந்தார்கள். திருப்பூர்க்காரர்களை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் இறக்கிவிட அந்த வாடை போதும். என்னை அது பழைய புள்ளியியல் வகுப்பில் இறக்கிவிட்டது.

அந்தப் பாடத்துக்கு வந்த ஆசிரியை சேவூர்க்காரர்; எங்களைவிட ஆறேழு வயதே மூத்தவர். முதல் நாளே பாடநூலை மூடிவைத்தார். "ஊட்டுல வேலைக்குப் போறவங்க இருப்பாங்கல்ல? அங்கிருந்து ஒரு வாரத்துக் கணக்கு கொண்டாங்க கண்ணு, அதுதான் பாடம்" என்றார். பரீட்சை எப்படி என்று கேட்டோம். "கணக்குக் குடுத்தவங்ககிட்டயே போய் வெளக்கோணும். அவங்களுக்குப் புரிஞ்சாத்தான் மார்க்கு." நாங்கள் சிரித்தோம்.

என் வகுப்புத் தோழி பேச்சியம்மாளின் குடும்பம் தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்தது. அவள் அம்மாவுக்கு அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை: தைத்து வரும் சட்டைகளில் ஓட்டை, கறை, தையல் பிசகு தேடி ஒதுக்குவது. நான்கு மேசைகள், மேசைக்கு ஒருவர். ஒதுக்கிய சட்டைகளை ஒரு வாரம் எண்ணினோம். அம்மாவின் நான்காம் மேசையில் மற்ற மேசைகளைப்போல் இரு மடங்கு. அட்டையில் பட்டைகள் வரைந்து, எடுப்பாக இருக்கட்டுமே என்று நான்காவதற்குச் சிவப்பு அடித்தேன். என் சித்திரத் திறமையில் அப்போது எனக்கு அபார நம்பிக்கை. கம்பெனி மேலாளர் கேட்டதும் ஒரு பிரதியைப் பெருமையாகக் கொடுத்தேன். அவர் அதைச் சுவரில் ஒட்டினார்.

மூன்றாம் நாள் பேச்சி வகுப்பு வாசலில் என்னை மறித்தாள்.

"ஏட்டி, ஒன் செவப்பு ஸ்கெட்ச்சால எங்கம்மாவ நூல் பிசிர் வெட்டுத வேலைக்குப் போட்டுட்டாவ. சம்பளமும் கொறயுமாம். படிப்பாம் படிப்பு!"

ஆசிரியை எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். "அந்தச் சட்டையெல்லாம் கெட்டது யாரால?"

"தைச்ச எடத்துல, மேம்" என்றேன்.

"அப்ப நாலாம் டேபிள்ல எது ஜாஸ்தி?"

பேச்சிதான் மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மா பார்வ."

"இதை எங்கிட்டச் சொல்லி என்ன கண்ணு? பரீட்சை அருள்புரத்துல."

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "அந்தம்மா டேபிள்லதானுங்க டேமேஜ். நீங்களே படம் போட்டுக் குடுத்தீங்களே?" நான் எண்ணியது பிழை செய்தவரை அல்ல, பிழையைக் கண்டுபிடித்தவரை என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. மற்ற மூன்று மேசைகளும் சரியென்று அனுப்பிய ஐம்பது சட்டைகளை அம்மாவிடம் கொடுத்துப் பார்க்கும்படி கெஞ்சினேன்.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அம்மா வந்தார். "மூணு டேபிள் துணியையும் கலந்து போடுங்க சார். எது யார் பாத்ததுன்னு தெரிய வேண்டாம். என் பேரைக் காப்பாத்த இன்னொருத்தி பேரு கெடக் கூடாது." அந்த எச்சரிக்கை எனக்குத் தோன்றவே இல்லை.

ஒவ்வொரு சட்டையையும் டியூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பார்த்து ஆறு சட்டைகளை ஒதுக்கினார். மேலாளர் ஒன்றை வாங்கினார். அக்குளருகே இருந்த துளைக்குள் அவருடைய சுண்டுவிரல் நுழைந்தது. "அட, இது ஷிப்மெண்டுல போயிருக்குமுங்களே!" என்றவர், சுவரிலிருந்த என் சித்திரத்தைத் தாமே உரித்து என் கையில் கொடுத்தார். மறுநாள் அம்மா நான்காம் மேசைக்குத் திரும்பினார். பேச்சி என்னோடு பேச மேலும் ஒரு வாரம் ஆயிற்று.

அதன் பிறகு எங்கள் வகுப்பில் எந்தப் படத்தின் அடியிலும் ஒரு கேள்வி எழுதி அதற்கு விடையும் எழுத வேண்டும்: இதைப் பார்த்தால் யாருடைய வேலை மாறும்?

இரண்டாண்டுகளில் அந்த ஆசிரியை போய்விட்டார். பாடநூல் மீண்டும் திறந்துகொண்டது. அருள்புரத்துக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது ஒரு கிடங்கு.

சென்ற வாரத் திரையில் அதே மாதிரிப் பட்டைகள்தான். ஒரு பனியன் கம்பெனியில் ஒவ்வொருவரும் ஒதுக்கும் பிழைகளைக் காமிரா எண்ணுகிறது, ஆளுக்கொரு பட்டை. அந்தப் பழைய கேள்வியைக் கேட்டேன். மாணவர் பணிவாகத் திரையை மேலும் கீழும் நகர்த்தித் தேடினார். "அதுக்கு இந்த சாஃப்ட்வேர்ல எடம் இல்லீங்க மேடம்."

ஒரு பட்டை மட்டும் சிவப்பு. அதன் கீழே பெயர் இல்லை, எண்தான் இருந்தது. மதிப்பெண் தாளை அப்படியே வைத்துவிட்டு, அந்தக் கம்பெனி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.