காகிதக் கூழ் மகாவலி

அப்பாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு இடமாற்றம் கிடைத்த வருடம் நான் ஒன்பதாம் தரம். பெரஹர திருவிழாவுக்காகப் பாடசாலைகளை மூடுவதற்கு முந்திய வாரம் எங்கள் புவியியல் கண்காட்சி நடந்தது. வெள்ளிக்கிழமை, அம்மாவின் விரதநாள் என்பதால் கிழமையில் சந்தேகமில்லை.

எங்கள் குழுவில் மூன்று பேர். ஒருவன் மடுல்கெல்லயிலிருந்து வருபவன், மற்றவன் கெலிஓயாக்காரன். கண்டியைச் சுற்றி வளைந்தோடும் மகாவலியைக் காகிதக் கூழில் செய்வது வேலை. இரண்டு சனிக்கிழமைகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "பிள்ளையள் தூரத்திலயிருந்து வருகுதுகள், முதல்ல சாப்பிடட்டும்" என்று அம்மா வடை சுட்டார். தின்றார்கள், முற்றத்தில் கிரிக்கெட் ஆடினார்கள். கூழைக் காட்டியதும் மடுல்கெல்லக்காரன், "பஸ் போயிரும்டா, நாங்க போறோம்" என்று எழுந்தான். "நீ செஞ்சாத்தான் மச்சான் அழகா ஈக்கும்" என்றான் கெலிஓயாக்காரன், கடைசி வடையை எடுத்தபடி.

மலைகளும் ஆறும் என் கையாலேயே முடிந்தன. அவர்களின் பெயர்களை எடுத்துவிடும்படி ஆசிரியையிடம் கேட்டேன். "குழுன்னா மூனு பேரும்தான்" என்று மறுத்துவிட்டார். செய்தது யார் என்று நடுவருக்காவது தெரிய வேண்டும்; எனக்கு வேறு கவலை இருக்கவில்லை. அதற்காகவே விளக்கவுரையை மனனம் செய்து வைத்தேன்.

வந்த நடுவர் சிங்களத்தில் கேள்வி கேட்டார். எனக்குச் சிங்களத்தில் பத்துவரை எண்ணவும் தெரியாது. கெலிஓயாக்காரன் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு முன்னால் போனான். ஆற்றைத் தொட்டுத் தொட்டுச் சரளமாகப் பேசினான். முடிவில் என் தோளில் கைபோட்டு, "ஒக்கோம களே மெயா, சர். அப்பி கேவா விதரய்" என்றான். நடுவர் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். மடுல்கெல்லக்காரனும் சிரித்தான். என் வேலையையும் எடுத்துக்கொண்டு என்னைக் கேலியும் செய்கிறான் என்று நினைத்து அந்தக் கையைத் தட்டிவிட்டேன். முதலிடம் எங்களுக்குக் கிடைத்தது.

பல வருடங்கள் கழித்து, அரச வேலைக்குக் கட்டாயமான சிங்களப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, மறக்காமல் கிடந்த அந்த ஒலிகளுக்குப் பொருள் வந்தது: எல்லாம் செய்தது இவன்தான், நாங்கள் தின்றது மட்டும்தான்.

கண்காட்சியன்று மாலை கெலிஓயாக்காரன் பஸ் தரிப்பிடம்வரை என் பின்னாலேயே வந்தான். "பரிசும் கெடச்சிச்சி. இன்னும் என்னத்துக்குடா மூஞ்சத் தூக்கிட்டு ஈக்கிறாய்?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டான். நான் முதலில் வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அது பிலிமத்தலாவை பஸ்; எங்கள் வீடு வேறு திசையில், கட்டுகஸ்தோட்டையில்.