சைபரில் நின்ற முள்

என் தலைமேல் ஒரு சத்தியம் இருந்தது. அதைச் சுமந்துகொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன், சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் சுட்ட சோளம் தின்றேன். பேன் மாதிரிதான் அதுவும். இருப்பது தெரியாது, நினைத்தால் அரிக்கும்.

சத்தியம் மாமாவுடையது. அம்மாவின் தம்பி அவர், ஆனால் அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்தவர் என்பதால் எனக்கு முன்னால் பிறந்த மூத்த பிள்ளை என்றுகூடச் சொல்லலாம். எங்கள் வீட்டு முன்னறையில் அவருக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்பானர் பெட்டி. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வேலை போக மிச்சமிருக்கும் பொழுதெல்லாம் ஒரு பழைய நூறு சிசி பைக். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, மழை விட்ட ஒரு சாயங்காலம், ஏரிக்கரை வளைவில் அதோடு வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று அம்மா அவரைப் படியேற விடவில்லை. உள்ளேயிருந்து என்னை இழுத்து வந்து, அவருடைய உள்ளங்கையைப் பிடித்து என் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள்.

"சொல்லு. மீட்டர்ல முள்ளு நாப்பதைத் தாண்டாதுன்னு சொல்லு."

"குழந்தை தலை எதுக்குக்கா? என் தலைமேலயே பண்ணிக்கறேனே."

"உன் தலையப் பத்தி உனக்கு என்னடா அக்கறை? அதைத்தான் ரோட்ல போட்டு உடைக்கப் பாத்தியே. சொல்லு!"

சொன்னார். அந்தக் கை சூடாக இருந்தது, டெட்டால் வாசனை அடித்தது.

சத்தியம் தவறினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு விளக்கினாள். அவள் ஐந்தாம் வகுப்பு, எல்லாம் தெரிந்தவள். "தலை வெடிச்சுரும். கோயில்ல தேங்கா உடைப்பாங்களே, அந்த மாதிரி." அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. மாமாவின் வண்டியில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து, ஊரைப் பார்க்காமல், மரத்தைப் பார்க்காமல், மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு போவேன். "முப்பத்தஞ்சு மாமா. முப்பத்தேழு மாமா. மாமா, முப்பத்தொம்போது!" மாமா உடனே கையைத் தளர்த்துவார். நான் இல்லாத நேரங்களில் என்ன செய்கிறாரோ என்ற கவலை எனக்குக் கணக்குப் பாடத்தின் நடுவில் வரும். தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். இருக்கும்.

கால் சரியான பிறகு மாமா வண்டியை விட்டுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் அதைப் பிரித்தார். முன்னறையில் நியூஸ்பேப்பர் விரித்து சிலிண்டரை அரத்தால் ராவினார். ராவிய சிலிண்டரை அம்மாவின் பழைய நூல் புடவைத் துண்டில், பிறந்த குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். பாம்பு எலியை விழுங்கியதுபோல் நடுவில் வீங்கிய ஒரு சைலென்ஸரைத் தகட்டில் வெட்டி வெல்டிங் வைத்துச் செய்தார். ஒவ்வொரு மாற்றமும் வேகத்துக்காக. நாற்பதைத் தாண்டக் கூடாத ஒரு வண்டிக்குள் ஒரு மனிதர் இரண்டு வருஷமாக வேகத்தை ஊற்றி ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தார், சர்க்கரை வியாதிக்காரர் மைசூர்பாகு கிண்டுவதுபோல.

தெருவில் சிரித்தார்கள். அந்த வண்டியைக் கிளப்பினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். பிறகு அது பால்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் மரியாதையாகப் போகும். ஏரிக்கரையில் பைக்கில் பறக்கும் பையன்கள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். "ஏன் குரு, பெட்ரோலுக்கு பதிலா விளக்கெண்ணெய் ஊத்திட்டியா?" என்பான் ஒருவன். "டேய் மகா, சும்னிரு, பேசாதே, முன்னாடி பாஸ் உக்காந்திருக்காங்க, பாரு" என்று என்னைக் காட்டுவான் இன்னொருவன். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் அவமானமாக இருக்கும். என் தலை பத்திரமாக இருந்த அதே நேரத்தில் என் மாமா ஒரு பயந்தாங்கொள்ளி என்றும் தோன்றும். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள ஒன்பது வயதில் எந்தச் சிரமமும் இல்லை.

அந்த வருஷம் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா எங்கள் வாசலில் நின்றிருந்த பைக்கை, கட்டிப்போடாத நாயைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "ஸ்கூட்டர் வாங்கப் போறான்" என்றார் அப்பா அவசரமாக. எனக்கு மகிழ்ச்சி. இனி வீட்டில் இரண்டு வண்டி.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா, "அக்கா, ஃப்ரேசர் டவுன் வரைக்கும் போய்ட்டு வரேன். அங்க ஒரு பாய் டைனோ வெச்சிருக்காரு. வண்டிய ஒரு தடவை ட்யூன் பண்ணணும்" என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "இவளையும் கூட்டிட்டுப் போ" என்றாள்.

பாயின் இடம் ஒரு பெரிய வீட்டின் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. தரையில் ஒரு இரும்பு உருளை பாதி புதைந்து கிடந்தது, பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர். அதுதான் டைனோ. பைக்கின் பின் சக்கரத்தை உருளையின் மேல் ஏற்றி, முன் சக்கரத்தை இரும்புக் கவ்வியில் இறுக்கி, நாலு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டினார் பாய். குண்டானவர், மருதாணி போட்ட தாடி. கொம்புக்கு வர்ணம் பூசிய ஒரு மாட்டைக் கட்டிப்போட்டதுபோல் இருந்தது வண்டி. ஓட்டினால் சக்கரம் உருளையைச் சுற்றும், உருளை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் கோடு போடும், வண்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று மாமா சொன்னார். எனக்குப் பாதி புரிந்தது.

என்னைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு மாமா ஏறி உட்கார்ந்தார்.

"எது வரைக்கும் இழுக்கலாம் தம்பி?"

"கடைசி வரைக்கும், பாய்."

நான் ஸ்டூலிலிருந்து குதித்தேன். "மாமா! நாப்பது!"

பாய் திரும்பினார். "என்ன நாப்பது?"

நான்தான் சொன்னேன். வாசற்படி, அம்மா, உச்சந்தலை, தேங்காய் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். "நாப்பதுல போறதுக்கா இந்த சைலென்ஸரு? சொல்லியிருந்தா கல்யாண ஊர்வலத்துக் குதிரை ஒண்ணு ஏற்பாடு பண்ணியிருப்பேனே, தம்பி!" அப்புறம் மாமாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"நிஜமாவா? ரெண்டு வருஷமாவா? ஒரு தடவைகூட இல்ல?"

"இல்ல பாய்."

பாய் தாடியைத் தடவினார். குனிந்து முன் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஏறும் ஒரு கறுப்புக் கயிற்றைத் தொட்டுக் காட்டினார். "இங்க வா பேட்டா. இந்தக் கேபிள்தான் முள்ளை ஓட்டுது. முன் சக்கரம் சுத்தினாத்தான் முள்ளு ஏறும். இப்ப முன் சக்கரம் சுத்துமா?"

கவ்விக்குள் இருந்த சக்கரத்தை உலுக்கிப் பார்த்தேன். "சுத்தாது."

"அப்ப நீதான் ஜட்ஜம்மா. முள்ளையே பாத்துக்கிட்டிரு. நாப்பதைத் தாண்டிச்சுன்னா சாவியத் திருப்பி ஆஃப் பண்ணிடு. யாரையும் கேக்க வேணாம்." என் விரல்களை எடுத்து மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த சாவியின் மேல் வைத்தார்.

காதில் பஞ்சு வைத்தார்கள். வண்டிக்கு முன்னால் ஆளுயர ஃபேன் சுழன்றது. மாமா கிளப்பினார். ஒவ்வொரு கியராக ஏறியது. அதுவரை நான் கேட்டதெல்லாம் அந்த வண்டி தொண்டையைச் செருமிக்கொண்ட சத்தம்தான் என்று அப்போது தெரிந்தது. தகரக் கூரை நடுங்கியது. ஸ்டூல் நடுங்கியது. என் பல் நடுங்கியது. தலைக்குள் ஏதோ இறுகுவதுபோல் இருந்தது. தேங்காய்! சாவியைத் திருப்பிவிட்டேன்.

சத்தம் செத்தது. உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அரே! ஜட்ஜம்மா, முள்ளு எங்க இருக்கு?"

பார்த்தேன். "சைபர்ல."

"சைபருக்கெல்லாம் தூக்குத் தண்டனை குடுத்தா ஊர்ல யார் மிஞ்சுவா?"

இரண்டாம் முறை உதட்டைக் கடித்துக்கொண்டு முள்ளையே பார்த்தேன். கொட்டகை முழுவதும் ஓலமிட்டது, முள் மட்டும் தூங்கும் பூனையின் வால் மாதிரி கிடந்தது. முடிந்ததும் பாய் திரையைக் காட்டினார். கோடு ஒன்று மேலே ஏறி, நடுவில் பொத்தென்று இறங்கி, மறுபடி ஏறியிருந்தது.

"பாத்தியா தம்பி, நடுவுல பள்ளம். பெட்ரோல் ஜாஸ்தி போய் மூச்சு முட்டுது. ரோட்ல ஓட்டறப்ப இந்த இடத்துல திணறியிருக்குமே?"

மாமா அந்தப் பள்ளத்தை விரலால் தொட்டார். "தெரியாது பாய். நான் இங்க வந்ததே இல்ல."

அதற்குப் பிறகு பாய் வேடிக்கைப் பேச்சை நிறுத்திவிட்டார். கார்புரேட்டரைத் திறந்து, அரிசி மணி அளவுள்ள பித்தளைத் துண்டு ஒன்றைக் கழற்றி, அதைவிடக் கொஞ்சம் சின்னத் துளையுள்ள இன்னொன்றை மாட்டினார். இன்ஜின் ஆறும்வரை பால் விடாத சுலைமானி டீ குடித்தோம். மறுபடி ஓட்டம். ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து அதன் நிறம் பார்த்தார். கறுப்பு. இன்னொரு பித்தளைத் துண்டு. "போதும் பாய், நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா. "நல்லாருக்குன்னு யார் சொன்னது? உக்காரு" என்றார் பாய். வெயில் உச்சிக்கு வந்தது. எனக்குப் பசித்தது. ப்ளக் டீயில் நனைத்த பிஸ்கட்டின் நிறத்துக்கு வந்தபோதுதான் பாய் தலையாட்டினார்.

கடைசி ஓட்டம். மாமா டேங்கின் மேல் படுத்தார், தாடை மீட்டரைத் தொடும் அளவுக்கு. எதிர்க்காற்றுக்குக் குனிவதுபோல் தோளைக் குறுக்கினார். ஃபேன் காற்றில் அவர் சட்டை படபடத்தது. இந்த முறை ஓலம் இல்லை. ஒரே சுருதி, இடையில் எங்கும் தட்டாமல், ஏறிக்கொண்டே, ஏறிக்கொண்டே போயிற்று. நான் சாவியை மறந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியாது. எங்கோ வெகுதூரத்தில், நாங்கள் யாரும் இல்லாத ஒரு ரோட்டில் அவர் போய்க்கொண்டிருந்தார்.

திரையில் வேகம் நூற்றுப் பதினெட்டு என்று நின்றது. பள்ளம் நிரம்பியிருந்தது.

இன்ஜினை அணைத்த பிறகும் மாமா இறங்கவில்லை. கை ஆக்ஸிலரேட்டரிலேயே இருந்தது. "வா தம்பி" என்றார் பாய். "ஒரு நிமிஷம், பாய்." உருளை சுற்றி ஓய்ந்து நிற்கும்வரை பாய் காத்திருந்தார்.

திரும்பும்போது ஏரிக்கரை காலியாக இருந்தது. மதியம். ஒரு நாய்கூட இல்லை. அந்த வளைவுக்கு முன்னால் இருக்கும் நீளமான நேர் ரோடு, தண்ணீரின் பளபளப்பு, எனக்குக் கீழே நூற்றுப் பதினெட்டு. எனக்கே தாங்கவில்லை.

"மாமா, கொஞ்சம் வேகமா போ மாமா. ஒரே ஒரு தடவை. நான் கையால மீட்டரை மூடிக்கறேன்."

"கையை எடு. எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தெட்டு."

"போதும்."

போகும்போது இடது கையை எடுத்து என் உச்சந்தலையில் ஒரு கணம் வைத்தார். பெட்ரோல் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பாரே, அந்த மாதிரி. எங்களைத் தாண்டிப் போன ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினார்.

வீட்டில் அம்மா என்னைத்தான் முதலில் கேட்டாள். "எவ்வளவுல போனான்?"

"சைபர்மா! முள்ளு அசையவே இல்ல!"

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா கை கழுவப் போனார். அம்மா என் கன்னங்களை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து விரல்களைச் சொடுக்கினாள்.

ஒரு வாரம் கழித்து, கூலிங் கிளாஸ் போட்ட ஒருவன் வந்து மாமாவிடம் கைகுலுக்கிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். நான் ஏதோ ஒரு சுற்றுப் போய்விட்டு வருவான் என்று நினைத்தேன். தெருமுனை வரை மெதுவாகப் போனான். திரும்பியதும் முறுக்கினான். கொட்டகையில் கேட்ட அதே சுருதி, இப்போது கூரை இல்லாமல், ஏரிக்கரையோரமாக ஏறிக்கொண்டே போயிற்று. நாற்பதைத் தாண்டியது எனக்குக் காதாலேயே தெரிந்தது. இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

மாமா என் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். "இனிமே பயமில்லடா. அது அவன் வண்டி."

சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா படியில் உட்கார்ந்து அது போகும் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நாலாவது கியர் போட்டுட்டான்" என்றார், யாரிடமோ.

அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றாள். சத்தம் நூல்போல் மெலிந்து அறுந்தது.

"நல்லா போகுதாடா?"

"நல்லா போகுதுக்கா."

எனக்கு ஒரே குதூகலம். என் தலை எனக்கே திரும்பக் கிடைத்துவிட்டது, ஸ்கூட்டர் வேறு வரப்போகிறது. அம்மா அந்த மாவுக் கையோடு மாமாவின் உச்சந்தலையில் கையை வைத்தாள். எடுக்கவில்லை. அவளும் ஏதோ சத்தியம் பண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் எதைத் தாண்டமாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்று கேட்பதற்காக, வாயைப் பார்த்துக்கொண்டு, வெகுநேரம் நின்றேன்.