சாம்பலாகும்வரை

துணியைப் பார்ப்பதற்கு முன் எலோதியா அதைக் கசக்குவாள். கைக்குள் அடக்கி, இறுக்கி, விட்டுப் பார்ப்பாள். சுருக்கம் நின்றுவிட்டால் கொண்டுவந்தவனை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "மாடு மென்னு துப்புன மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போப்பா."

லா பாஸ் நகரத்தில் எங்கள் தெரு நடைபாதையில் போர்வை விரித்து ரிப்பன் விற்றவள். இன்று அதே தெருவில் மூன்று கடை வைத்திருக்கிறாள். எந்த வருடம் எந்த நிறம் எடுபடும் என்பது அவள் சொல்வதுதான். குஞ்சம் முடிந்து கொடுக்கும் எனக்கே சால்வைகள் கறுப்புப் பையில்தான் வரும். "சன்னலைச் சாத்திட்டு முடி" என்பாள். கிரான் போதேர் திருவிழாவில் ஆட்டக்குழுப் பெண்கள் ஒரே நிறச் சால்வையில் தெருவில் இறங்கும்வரை அந்த நிறம் யாருக்கும் தெரியக் கூடாது. முன்பே தெரிந்தால் குழுவின் மானம் கப்பலேறிவிடும்.

இந்த வருடம் ஏறியது. திருவிழாவுக்குச் சில நாட்களே இருக்க, பக்கத்துக் கடை நீல்டாவின் பொம்மை அதே மாதுளை நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது.

குழுத் தலைவி மாக்சிமா பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "எலோதியாக்கா, ஊரே சிரிக்குது! பொம்மை போட்டுக் கழட்டுனதை நாங்க போட்டுக்கிட்டு ஆடணுமா? யாரு வாய் விட்டது?"

எல்லோருடைய கண்ணும் தையல்காரி சபினாமேல் போயிற்று. அவள் நீல்டாவுக்குச் சொந்தம். மாக்சிமா அவளை நோக்கி விரலை நீட்டினாள்.

"இவளை இப்பவே அனுப்புங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் நாங்க நீல்டாகிட்டயே போறோம்."

தலையை ஆட்டினால் போதும், எலோதியா தப்பிவிடலாம். அவள் தன் வட்டத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தொப்பி இல்லாமல் அவளை அன்றுதான் பார்த்தேன்.

"அவளை விடுங்கடி. தப்பு என்னோடது."

புதுத் துணி வந்தால் ஒரு துண்டைக் கோகா இலையோடும் சர்க்கரை வில்லையோடும் முற்றத்தில் எரித்துப் பூமித்தாய்க்குக் கொடுப்போம். சாம்பலாகும்வரை எழுந்திருக்கக் கூடாது. அந்த முற்றம் நீல்டாவுக்கும் பொது.

"மொத்தமா எடுக்கற ஆளு வந்திருக்கான்னாங்க. பாதியில எழுந்து போயிட்டேன். எரியாத துண்டு அவ கையில மாட்டிக்கிச்சு. காலையில அவளே காட்டிச் சிரிச்சா."

"தாயைப் பாதிச் சாப்பாட்டுல எழுப்பிட்டியா அக்கா?" மாக்சிமா முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நிறம் போனதைவிட அவளுக்கு இதுதான் பயம்.

எலோதியா ஒரு சால்வையை உதறித் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் முழுதும் மங்கிய பொன். "நீல்டா துணியில பின்னாடி வெறும் நூல்தான். இப்படிப் போட்டு ஆடுங்க."

"உள்பக்கத்தை வெளியிலயா?"

"முதல் வரிசையில நான் ஆடறேன். சிரிக்கறவ என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

மாக்சிமா சால்வையை வெகுநேரம் தடவிப் பார்த்தாள். "முதல்ல தாய்க்குக் கொடு. அப்புறம் எங்களுக்கு."

முற்றத்தில் நெருப்பு மூட்டி, எலோதியா தன் சால்வையிலேயே முனையை வெட்டி அதில் போட்டாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். கடைக்குள்ளிருந்து சபினா ஓடிவந்தாள்: "அக்கா, சாந்தா குரூஸ்லேருந்து பெரிய வியாபாரி! நிக்க மாட்டேங்கறாரு!"

எலோதியா திரும்பவில்லை. குந்தியபடியே கையை நீட்டி, சூடு ஆறாத சாம்பலை அள்ளிக் கைக்குள் அடக்கிக் கசக்கிப் பார்த்தாள்.