வெறும் தட்டு

ஆய்வுக்கூட உதவியாளரை எல்லோரும் சர்க்கரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் தேனீக்களுக்கு நீலத் தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தவர். அந்த நிறம் அவற்றுக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்கும் நாளில் மட்டும் தட்டு காலியாக இருக்க வேண்டும். அன்றைக்கு அவருக்கு மனசே ஆறாது.

“தேடி வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பலாமா மேடம்?”

“அண்ணே, இது சோதனை, விருந்து இல்ல!” என்பார் பேராசிரியை.

ஒருமுறை அண்ணன் திருட்டுத்தனமாகச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி, மூன்று வார வேலையைக் கெடுத்தார். பேராசிரியை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்ணன் இறந்த பிறகு வந்த முதல் சோதனை நாளில், பேராசிரியையே காலித் தட்டை வைத்தார். தேனீக்கள் வந்து சுற்றிச் சுற்றித் தேடின. அவற்றை எண்ணிக்கொண்டிருந்தவரின் கை பாதியிலேயே தானாகப் போய்ச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றியது.

நோட்டில் எழுதினார்: “சோதனை கெட்டது. காரணம், சர்க்கரை அண்ணன்.”